முன்னாடி கோதுமை ஓடிச்சு, பரவாயில்லையா?

அம்பத்தூர் ஒரகடம் பக்கத்து மில்லுக்கார அண்ணாவுக்கு,

உங்கள் பெயரையும் மில் இருக்கிற தெருவையும் இதில் எழுதவில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள். எப்படியும் ஸ்டூல் மேல் மாவு படிந்து கிடக்கும் பேப்பரை மத்தியானம் விரித்துப் பார்க்கிறவர்தானே, கண்ணில் படும்.

நன்றியை நேரிலேயே சொல்ல இரண்டு முறை முயன்றேன். மோட்டார் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. “என்னா, நைஸா வேணுமா?” என்று திருப்பிக் கேட்டீர்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குக் களிக்குக் கொஞ்சம் கொரகொரப்பாகத்தான் வேண்டியிருந்தது.

எங்கள் மகளுக்கு நாலு வயதில் எடை ஏறுவது நின்றுபோனது. வயிறு மட்டும் உப்பலாக இருக்கும், கை கால் குச்சி. அடிக்கடி வயிற்றுப்போக்கு, ரத்தசோகை. பூச்சி மருந்து கொடுத்தார்கள், இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள், சத்தாகச் சாப்பிடக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தோம். காலையில் பாலில் மால்ட் பவுடர், பத்து மணிக்கு பிஸ்கட், ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி. எதை நிறுத்த வேண்டுமோ அதையே பார்த்துப் பார்த்துக் கூட்டியிருக்கிறோம். அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் என் மனைவி இப்போதும் பேசுவதை நிறுத்திவிடுவாள்.

கடைசியில் ஒரு டாக்டர் ரத்தத்தில் ஒரு ஆன்டிபாடியைப் பார்க்கச் சொன்னார். பிறகு எண்டோஸ்கோப்பி. சீலியாக் என்றார். குடலின் உள்சுவரில் விரல் விரலாக நின்று சத்தை உறிஞ்சுகிற பகுதியை, கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டனைக் கண்டால் உடம்பே தாக்கித் தட்டையாக்கிவிடுமாம். மருந்து கிடையாது. கோதுமை, பார்லி, ரை மூன்றும் வாழ்நாள் முழுக்க வாயில் படக் கூடாது, அவ்வளவுதான் வைத்தியம்.

இந்த வைத்தியத்துக்கு ஒரு கதை உண்டு. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர். ரொட்டிதான் இந்தப் பிள்ளைகளைக் கெடுக்கிறதோ என்று அவருக்குப் போருக்கு முன்பே சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் முற்றுகையில் ஊரே பட்டினி கிடந்தது, ரொட்டி கிடைக்கவில்லை. கிழங்கையும் கிடைத்ததையும் தின்ற ஊரில் இந்த நோய்ப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. இந்தப் பிள்ளைகளைக் கோதுமை கெடுப்பதை 1950இல் ஆய்வேடாக எழுதினார். ஊர் பட்டினி கிடந்தபோது பிழைத்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு என்னவோ செய்யும்.

“நம்ம பக்கம் இது அபூர்வம்” என்றார் டாக்டர். 2016இல் வெளியான ஓர் ஆய்வு அப்படித்தான் சொல்கிறது. அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தது வடக்கே 100 பேரில் ஒருவருக்கும் கொஞ்சம் மேல், தெற்கே 1000 பேரில் ஒருவருக்கு. இத்தனைக்கும் நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்று பேரில் ஒருவருக்கு. வித்தியாசம் தட்டில்தான். அந்த ஆய்வில் வடக்கே ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டிருக்கிறார், தெற்கே 25 கிராம். என்னோடு வேலை செய்கிற ஒருவருக்கு வீடு ஆவடியில், அவர் பக்கத்து வீட்டில் ஒரு ஹரியானா குடும்பம். அந்த அம்மா நோயின் பெயரைக் கேட்டதும், “என் அக்கா மகனுக்கும் இதுதான்” என்று ஜலதோஷத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். கம்பு மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, உருட்டுக்கட்டை இல்லாமல் உள்ளங்கையிலேயே தட்டி ரொட்டி போடக் காட்டிக் கொடுத்தவரும் அவர்தான். கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். என்று நாலா பக்கத்து ஆட்களும் ஆவடியில் இருப்பதால் கிடைத்த புண்ணியம்.

பூந்தமல்லியில் இருக்கிற என் மாமியார் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “இட்லி, தோசை, சோறு, கொழம்பு. இதுல கோதுமை எங்கடி இருக்கு? பிஸ்கட்டத் தூக்கிப் போடுங்க, முடிஞ்சுது” என்றார். நாங்களும் முடிந்தது என்றுதான் நினைத்தோம். பிஸ்கட், ரஸ்க், ரவை, சேமியா, பரோட்டா எல்லாம் வீட்டை விட்டுப் போயின. கேழ்வரகு சேமியாவும் போனது, பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தால் அதிலும் கோதுமை மாவு. அரசு காலை உணவுத் திட்டத்தில் உப்புமா போடுவார்கள் என்பதால் பள்ளியில் சொல்லிவிட்டு வீட்டிலேயே சாப்பிட்டுப் போக ஏற்பாடு செய்தோம். ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஆன்டிபாடி எண் இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை.

“எங்கேயோ போய்க்கிட்டிருக்கு, தேடுங்க” என்றார் டாக்டர்.

முதலில் அகப்பட்டது பெருங்காயம். அது செடிப் பிசினாக அப்படியே நம் கைக்கு வருவதில்லை, மாவும் கோந்தும் சேர்த்துத்தான் டப்பாவுக்கு வருகிறது. எங்கள் டப்பாவில் சேர்த்திருந்தது கோதுமை மாவு. சாம்பார், ரசம், சுண்டல், மோர் என்று தினமும் மூன்று வேளை, எங்கள் கையாலேயே. அரிசி மாவு சேர்த்தது என்று எழுதியிருக்கிற ஒன்றைத் தேடிப் பிடிக்கும்வரை பூண்டைத் தட்டிப் போட்டுச் சமாளித்தோம். மாமியார் அந்த டப்பாவைத் தூக்கிப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

இரண்டாவது ஓட்டையைக் காட்டியது நீங்கள். வாரா வாரம் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள், எனக்குத்தான் உறைக்கவில்லை. கேழ்வரகைத் தொட்டியில் கொட்டும்முன் யாரிடமும் கேட்பதுபோல என்னிடமும் கேட்பீர்கள்: “முன்னாடி கோதுமை ஓடிச்சு, பரவாயில்லையா?” வரிசையில் நிற்கிற எல்லோரும் சொல்வதுபோல நானும் பரவாயில்லை என்பேன். கையில் ஷிஃப்டுக்குப் போகிற பை, கண் கடிகாரத்தில்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன் நான். பித்தளை ஓட்டிய மெஷினில் அலுமினியம் ஏற்றும்முன் ட்ரேயைச் சுத்தம் செய்யாவிட்டால் தூள் கலந்துவிடும், பழைய இரும்புக்காரர் பாதி விலைதான் கொடுப்பார். அதைத் தினமும் செய்கிறவனுக்கு மாவு மெஷினும் மெஷின்தான் என்று தோன்றவில்லை பாருங்கள். ‘குளூட்டன் இல்லாதது’ என்று பாக்கெட்டில் எழுத வேண்டுமானால் நம் நாட்டு விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கோதுமை மாவில் சுமார் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். கணக்குப் போட்டால் ஒரு கிலோ கேழ்வரகு மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே போச்சு. இரண்டு விரலில் கிள்ளி எடுக்கிற அளவு. உங்கள் கல் இடுக்கிலும் மாவு விழுகிற துணிக் குழாயிலும் அதைப்போல எத்தனை மடங்கு ஒட்டியிருக்கும்.

இதைச் சொல்ல வந்த அன்றைக்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. துளி மாவுக்கு இவ்வளவு பேச்சா என்று சிரிப்பீர்களோ என்று பயந்தேன். நீங்கள் மோட்டாரை நிறுத்தினீர்கள். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். “பாப்பாவுக்கா?” என்று கேட்டீர்கள். நான் பாதி சொல்லும்போதே, “கல்லுக்குள்ள நிக்கும். தொடச்சாலும் நிக்கும். செவ்வாக்கிழம காலைல ஏழரைக்கு வா, மொத ஓட்டு உன்னுது” என்றீர்கள்.

அந்த முதல் செவ்வாய்க்கிழமை நான் வருவதற்குள் துணிக் குழாயைக் கழற்றி வேறு மாட்டியிருந்தீர்கள். தொட்டியைத் துடைத்து, கல்லைத் தளர்த்திப் பிரஷ் போட்டு, உங்கள் வீட்டுப் பச்சரிசி அரைக் கிலோவைக் கொட்டி ஓட்டினீர்கள். கல்லைக் கழுவிவிட்டு வந்த அந்த மாவைத் தனியாகப் பிடித்து, “இது கோலத்துக்கு” என்று ஓரமாக வைத்தீர்கள். அடுத்த வாரத்திலிருந்து அரிசியை நான் கொண்டுவருகிறேன், கோல மாவை நீங்கள் எங்களுக்கே கொடுத்துவிடுகிறீர்கள். எங்கள் தெருவிலேயே தினமும் பெரிய கோலம் எங்கள் வாசலில்தான். காரணம் தெரியாமல் என் மனைவிக்கு நல்ல பெயர்.

வீட்டில் மாவு இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்குச் சமையல் நடக்கும். ஏ ஷிஃப்ட் என்றால் ஐந்து மணிக்கு நான் கிளம்ப வேண்டும், பி ஷிஃப்ட் என்றால் வீடு திரும்பப் பத்தரை. மனைவி ரயிலில் வந்து இறங்க ஏழரை. அதற்கு மேல் கேழ்வரகு மாவில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறி ஆவியில் வைத்தால் கால் மணியில் புட்டு. கம்பு மாவில் வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டுத் தட்டினால் அடை. ஞாயிறு அரைத்த இட்லி மாவு புதன்வரை தாங்கும். பிறந்தநாளுக்குக் கேழ்வரகு மாவில் இட்லிப் பானையில் கேக் வைத்தோம், செங்கல் வந்தது. அடுத்த வருடம் பால் கொழுக்கட்டை செய்து அதன் தட்டைச் சுற்றி மெழுகுவர்த்தி நிறுத்தினோம். குழந்தை சமாதானமாகிவிட்டாள்.

உங்கள் மில் வரிசையைப் பார்த்தே இப்போது எனக்கு மாதம் தெரிகிறது. ஆடியில் வாசல்வரை கேழ்வரகு மூட்டை. “இந்த மாசம் உனக்குக் கவலையில்ல, ஓடுறதெல்லாம் கேவுருதான்” என்பீர்கள், என்றாலும் செவ்வாய்க்கிழமைக் கழுவலை விட மாட்டீர்கள். போன ஆடியில் எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்ட கூழுக்கு மாவு உங்களிடம், அந்த முதல் ஓட்டில் அரைத்தது. நொய்யைக் குழைய வேகவைத்து, முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்த மாவை ஊற்றிக் கிளறியது மாமியார். பந்தலில் எல்லோருடனும் உட்கார்ந்து, எல்லோரும் குடித்த அதே அண்டாவிலிருந்து என் மகள் குடித்தாள். பொது இடத்தில் அவள் கேள்வி கேட்காமல் சாப்பிட்டது வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான்.

ஆவணியில் கொழுக்கட்டைக்கும் சீடைக்கும் ஈர அரிசி. ஐப்பசியில் முறுக்கு மாவு, கடலைப் பருப்பு, குடையோடு நிற்கிற கூட்டம். தையில் உங்களிடம் கூட்டம் குறையும், எங்கள் வீட்டில்தான் அடுப்பு ஓயாது. திருவள்ளூர் பக்கத்திலிருந்து காலை ரயிலில் வருகிற அம்மாக்கள் ஸ்டேஷன் படியில் பச்சை மொச்சையைக் குவித்திருப்பார்கள். கத்திரிக்காயோடு குழம்பு வைத்து, சூடான களியைக் குழித்து ஊற்றிச் சாப்பிடுவோம். களிக்கு மாவு கொரகொரப்பாக இருக்க வேண்டும், அண்ணா. இப்போதாவது சொல்லிவிட்டேன். பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் வந்துவிட்டால் பள்ளிக்கூட டப்பாவுக்கு யோசனையே வேண்டாம். சித்திரை, வைகாசியில் உங்கள் அடுத்த மெஷினில் மிளகாய் ஓடும், தெருவே தும்மும்.

ஆனால் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இதெல்லாம் அல்ல. போன மாசியில் ஒரு செவ்வாய். மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நீங்கள். அதுவரை நீங்கள் எனக்குப் போன் செய்ததே இல்லை. “அந்த மாவப் போடாத. ராத்திரி நான் துணி மாட்டிட்டு வந்த அப்புறம் பையன் ஒரு கோதும ஓட்டியிருக்கான், இப்பதான் சொல்றான். எடுத்துட்டு வா, வேற அரைச்சுத் தரேன்.” நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. குழந்தைக்கு ஒரு வாரம் வயிறு சரியில்லாமல் போயிருந்தால் பருவம் மாறுகிறது என்று நாங்களே காரணம் கண்டுபிடித்திருப்போம். திரும்பி வந்தபோது அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நீங்கள் அவனைத் திட்டவில்லை, கல்லைக் கழற்றச் சொன்னீர்கள். நாலு கிலோ கேழ்வரகுக்கு என்னிடம் காசும் வாங்கவில்லை. எனக்கு அன்று ஷிஃப்டுக்கு முக்கால் மணி நேரம் லேட். சூப்பர்வைசரிடம் மாவு மில்லில் லேட்டாகிவிட்டது என்றேன், நம்பவில்லை.

கடைசி ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கிவிட்டது. அது உங்களால் மட்டும் என்று சொன்னால் டாக்டரும், ஹரியானா அம்மாவும், பெருங்காய டப்பாவைத் தூக்கி எறிந்த மாமியாரும் சண்டைக்கு வருவார்கள். எடை இரண்டரைக் கிலோ கூடியிருக்கிறது. சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து வந்த பிள்ளை இப்போது பின்னால் உட்காருகிறாள்.

அடுத்த செவ்வாய் எனக்கு ஏ ஷிஃப்ட், மனைவிதான் வருவாள், மகளையும் கூட்டிக்கொண்டு. கல் சுற்றுவதைப் பார்க்க வேண்டுமாம். பச்சை மூடி டப்பாவில் நாலு கிலோ கேழ்வரகு, சிவப்பு மூடியில் இரண்டு கிலோ கம்பு, பையில் கழுவல் அரிசி. கோல மாவை இந்த வாரம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் மூன்று டப்பா நிரம்பிக் கிடக்கிறது.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை முதல் ஓட்டுக்காரன்