இரண்டு டேப், ஒரு பாட்டு

1966 நவம்பர் 24, வியாழன்

லண்டன் அபே ரோட்டில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம், இரண்டாம் அரங்கம். மாலை ஏழு மணிக்கு பீட்டில்ஸ் குழு ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ என்ற புதுப் பாட்டின் பதிவைத் தொடங்கியது. ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் ரிச்சர்ட் லெஸ்டரின் படமொன்றில் நடிக்கப் போயிருந்த ஜான் லென்னன், அங்கே கிடைத்த ஓய்வு நேரத்தில் எழுத ஆரம்பித்த பாட்டு இது. தலைப்பில் வருவது லிவர்பூலில் அவர் வளர்ந்த வீட்டுக்கு அருகிலிருந்த, சால்வேஷன் ஆர்மி நடத்திய குழந்தைகள் இல்லத்தின் பெயர்.

இதே குழு 1963 பிப்ரவரி 11 அன்று, இதே கூடத்தில் ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிந்து தன் முதல் ஆல்பத்தை முடித்தது. அன்று கடிகாரம் துரத்தியது. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கடைசிக் கச்சேரியை முடித்துவிட்டு ஊர் ஊராகப் போவதை நிறுத்திய பிறகு துரத்த எதுவும் இல்லை. மேடையில் வாசித்துக்காட்ட வேண்டிய கட்டாயமும் போயிற்று. ஒலிப்பதிவில் எரிச்சல் நேரக்குறைவால் மட்டும் வருவதல்ல. நேரம் தாராளமாகக் கிடைக்கும்போது எங்கே நிறுத்துவது என்பது தெரியாமல் போகிறது.

லென்னன் முதலில் கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடிக்காட்டியதைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பல ஆண்டுகள் கழித்தும் வியந்து பேசினார். மெல்லிய, கனவு போன்ற பாட்டு. இரவு இரண்டரை மணி வரை உழைத்ததில் மிஞ்சியது ஒரு டேக், அதாவது ஒருமுறை வாசித்துப் பதிந்த வடிவம். அந்த டேக் 1 முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-இல் ‘ஆந்தாலஜி 2’ தொகுப்பில்தான் வெளியே வந்தது. கேட்பவர்களில் பலருக்கு அதுவே போதுமே என்று தோன்றும். பாடியவருக்குத் தோன்றவில்லை.

நவம்பர் 28, திங்கள்

பாட்டின் கட்டுமானம் மாறியது. முதல் டேக் சரணத்தில் தொடங்கியது. இப்போது பல்லவி முன்னால் வந்தது. அதற்கும் முன்னால் பால் மெக்கார்ட்னி மெலோட்ரானில் வாசித்த ஒரு முன்னிசை. மெலோட்ரான் பார்வைக்கு ஆர்மோனியத்தின் பெரிய அண்ணன். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துண்டு ஒலிநாடா இருக்கிறது. கட்டையை அழுத்தினால் அதில் முன்கூட்டியே பதிந்த புல்லாங்குழலோ வயலினோ சுமார் எட்டு வினாடி ஒலிக்கும், பிறகு நாடா தீர்ந்துவிடும். அந்தச் சற்றே தள்ளாடும் குழலோசைதான் இன்று பாட்டின் முதல் அடையாளம்.

டேக் 4 வரை போனார்கள்.

நவம்பர் 29, செவ்வாய்

டேக் 6 தேறியது. அதன் மேல் இன்னும் சேர்க்க வேண்டும், ஆனால் நாடாவில் இடமில்லை. கூடத்தில் இருந்த ஸ்டூடர் ஒலிப்பதிவு இயந்திரத்துக்கு நான்கே டிராக்குகள், அதாவது தனித்தனியாகப் பதியும் தடங்கள். நான்கும் நிரம்பினால் அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவின் ஓரிரு டிராக்குகளில் அடக்கி, மீதி டிராக்குகளைக் காலியாக்கிக்கொள்வார்கள். இந்தச் சுருக்கலுக்கு இரட்டை விலை உண்டு. ஒன்று, ஒவ்வொரு நகலிலும் நாடாவின் இரைச்சல் கூடும். மற்றது, டிரம் எவ்வளவு, கிட்டார் எவ்வளவு என்ற விகிதத்தை அந்த நிமிடமே தீர்மானித்தாக வேண்டும்; குழம்பில் கரைந்த உப்பை எடுக்க முடியாதது போல, கலந்த டிரம்மைப் பிறகு பிரிக்க முடியாது. டேக் 6 இப்படிச் சுருங்கி டேக் 7 ஆனது. குரல், பியானோ, பேஸ் கிட்டார் மேலே ஏறின.

லென்னனுக்குத் தன் குரலைத் தனியாகக் கேட்கப் பிடிக்காது. ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்று பதிவதும் அலுப்பு. அந்த அலுப்பைத் தீர்க்கவே கூடத்தின் பொறியாளர் கென் டவுன்சென்ட் அதே ஆண்டில், குரலின் நகலை மிகச் சிறிய இடைவெளியில் பின்தொடரச் செய்து இரட்டைக் குரலாக்கும் முறையை உருவாக்கியிருந்தார். இந்தக் குரலுக்கும் அது பயன்பட்டது. இரவில் மாதிரி இசைத்தட்டுகள் வெட்டப்பட்டன. பாட்டு முடிந்தது என்று எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

டிசம்பர் முதல் வாரம்

மாதிரித் தட்டைக் கேட்டுக் கேட்டு லென்னன் மனம் மாறினார். இன்னும் கனமாக வேண்டும். மார்ட்டின் வாத்தியக்கோவை எழுதித் தர வேண்டும். என்ன குறை என்று அவரால் இசை மொழியில் சொல்ல முடியவில்லை. நிறமாகவும் மணமாகவும் சொல்பவர் அவர். ஸ்வரமாக மாற்றுவது மார்ட்டினின் பொறுப்பு. ஒலிப்பதிவுக் கூடங்களில் நேரத்தைத் தின்பது இயந்திரக் கோளாறைவிட இந்த மொழிபெயர்ப்புத்தான். ஒருவர் தலைக்குள் கேட்பதை இன்னொருவர் ஊகித்தே எட்ட வேண்டும்.

இடையில் வேறொரு பாட்டின் வேலையும் நடந்தது. டிரம் வாசிக்கும் ரிங்கோ ஸ்டாருக்கு அந்தக் குளிர்காலப் பதிவுகளில் காத்திருப்பே பெரும்பகுதி. அந்த மாதங்களில் தான் செஸ் ஆடக் கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 8, வியாழன்

புது வடிவத்தின் தாளப் பகுதி. மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் கிளிஃப் ரிச்சர்ட் நடித்த படத்தின் முதல் காட்சிக்குப் போயிருந்ததால், பராமரிப்புப் பொறியாளர் டேவ் ஹாரீஸ் ஒலிப்பதிவுப் பலகையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கி வைத்தார். டிரம், டிம்பனி, போங்கோ, கையில் அகப்பட்ட கிலுகிலுப்பைகள். குழுவின் உதவியாளர்களும் நண்பர்களும்கூட ஆளுக்கொன்றைத் தட்டினார்கள். சிம்பலைப் பதிந்து நாடாவைத் தலைகீழாக ஓட்டினால், ஓசை சிறிதாகத் தொடங்கிப் பெருகி, அடிக்கும் இடத்தில் சட்டென்று அறுந்துபோகும். அப்படி அறுந்து விழும் இடம் தாளத்தில் பொருந்த வேண்டுமானால் அடிகளைப் பின்னாலிருந்து முன்னால் எண்ணிக்கொண்டு வர வேண்டும்.

டேக் 24 வரை போயும் முழுக்க நன்றாக வந்த டேக் ஒன்றுகூட இல்லை. டேக் 15-இன் பெரும்பகுதியும் டேக் 24-இன் கடைசிப் பகுதியும் தேர்ந்தெடுக்கப்பட்டன.

இந்தக் கலவரத்தின் வால்பகுதியில் லென்னன் விருந்துச் சாப்பாட்டில் வான்கோழியோடு வைக்கும் ஒரு சாஸின் பெயரை முணுமுணுத்தார். அது இசைத்தட்டிலும் தங்கிவிட்டது. சில ரசிகர்கள் அதை மெக்கார்ட்னி இறந்துவிட்டார் என்ற செய்தியாகக் கேட்டு, அப்படிப் பரவிய வதந்திக்கு ஆதாரமாகவும் காட்டினார்கள்.

டிசம்பர் 9, வெள்ளி

இரண்டு துண்டுகளும் ஒட்டப்பட்டு, சுருக்கப்பட்டு, டேக் 25 ஆயின. ஜார்ஜ் ஹாரிசன் ஸ்வரமண்டல் வாசித்தார். ஹிந்துஸ்தானிப் பாடகர்கள் மடியில் சாய்த்துக்கொண்டு தாங்களே மீட்டும் தந்தி வாத்தியம் அது. படே குலாம் அலி கானை நினைத்தாலே கூட நினைவுக்கு வருவது. அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் ஹாரிசன் இந்தியாவில் ரவிசங்கரிடம் சிதார் பயின்றுவிட்டுத் திரும்பியிருந்தார். சரணங்களுக்கு முன்னால் வழிந்திறங்கும் தந்தியொலி அவருடையது. சில வினாடிதான், ஆனாலும் பாட்டின் நிறமே அங்கே மாறுகிறது.

டிசம்பர் 15, வியாழன்

மார்ட்டின் எழுதிய கோவையோடு நான்கு ட்ரம்பெட், மூன்று செல்லோ. ஒப்பந்தக் கலைஞர்கள் வந்தார்கள், முன்னால் வைத்த தாளைப் பார்த்து வாசித்தார்கள், போனார்கள். மூன்று வாரமாக நீண்ட இந்தக் கதையில் மிகச் சுருக்கமாக முடிந்த வேலை இது. டேக் 26 என்று பெயரிட்ட நாடாவில் லென்னன் மறுபடி பாடினார்.

டிசம்பர் 22, வியாழன்

முந்தின நாள் இன்னும் கொஞ்சம் குரலும் பியானோவும் சேர்ந்து, பாட்டு இரண்டாம் முறையாக முடிந்திருந்தது. லென்னனோ இரண்டையும் வைத்துக்கொண்டு யோசித்தார். டேக் 7-இன் தொடக்கம் பிடிக்கிறது, டேக் 26-இன் முடிவு பிடிக்கிறது. இரண்டையும் சேர்த்துவிடலாம் என்றார். இரண்டின் சுருதியும் வேறு, வேகமும் வேறு என்று மார்ட்டின் எடுத்துச் சொன்னார். நீங்கள் சரிசெய்துவிடுவீர்கள் என்ற தொனியில் பதில் வந்தது. வாத்தியம் வாசிப்பவர் எளிதாகக் கேட்டுவிடுவார்; பலகையின் முன்னால் இருப்பவர்தான் இரவு முழுக்க விழிக்க வேண்டும்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. இரண்டு டேக்குக்கும் இடையே ஏறத்தாழ அரைக் கட்டை வித்தியாசம். ஒலிநாடாவின் வேகத்தைச் சுமார் ஆறு சதவீதம் கூட்டினால் சுருதி அரைக் கட்டை ஏறும், தாளமும் அதே அளவு விரையும். அந்தக் காலக் கருவிகளில் ஒன்றை மட்டும் மாற்ற வழியில்லை. இங்கே மெதுவான டேக் 7 சுருதியிலும் தாழ்ந்திருந்தது. வேகமான டேக் 26 சுருதியிலும் உயர்ந்திருந்தது. ஆக முதலாவதைச் சற்று ஓட்டி, இரண்டாவதைச் சற்று இழுத்துப்பிடித்தால் சுருதியும் வேகமும் ஒருசேர நெருங்கி வரும். வேகமான டேக் தாழ்ந்த சுருதியில் இருந்திருந்தால் இந்தப் பாட்டே இந்த வடிவில் இருந்திருக்காது. திறமை என்று புகழப்படும் இந்த ஒட்டுவேலையில் பாதி அதிர்ஷ்டம்.

மீதிப் பாதி கைவேலை. நாடாவை இழுக்கும் மோட்டாரின் வேகம் அதற்கு வரும் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பொறுத்தது. இங்கிலாந்தில் அது வினாடிக்கு 50 சுற்று. அந்த எண்ணைக் கூட்டிக் குறைக்கும் கருவி ஒன்று கூடத்தில் இருந்தது. அதைத் திருகித் திருகி, காதால் ஒப்பிட்டு, சேருமிடத்தைத் தேட வேண்டும். எமெரிக்குக்கு அப்போது வயது 21. இரண்டு நாடாக்களையும் வழக்கத்தைவிட அதிகச் சாய்வாக வெட்டி ஒட்டினார். அப்போதுதான் ஒன்று சட்டென்று மற்றொன்றாகாமல் சற்றே கலந்து மாறும். ஒட்டு, பாட்டு தொடங்கி ஒரு நிமிடத்தில் வருகிறது. அந்த இடத்தில் செல்லோக்கள் திடீரென்று நுழைவதை எவரும் கேட்கலாம். நுழைவைக் கோவையின் வேலை என்றே காது எடுத்துக்கொள்கிறது, வெட்டு என்று நினைப்பதில்லை.

யாரும் கேட்காத பலன் ஒன்றும் கிடைத்தது. டேக் 26 மெதுவாக்கப்பட்டதால் லென்னனின் குரல் தடித்து, மயக்கம் கலந்த குரலாயிற்று. செல்லோவும் டிரம்மும் கனத்தன. டிசம்பர் முதல் வாரத்தில் அவர் கேட்டு, சொல்லத் தெரியாமல் விட்ட கனத்தில் ஒரு பங்கு கோவையிலிருந்து வந்தது. இன்னொரு பங்கு மோட்டாரிலிருந்து வந்தது.

1967 பிப்ரவரி 17, வெள்ளி

அடுத்த ஆல்பத்துக்கென்று தொடங்கிய பாட்டு, கடைக்குச் சரக்கு வேண்டும் என்ற நெருக்கடியில், ‘பென்னி லேன்’ என்ற பாட்டுடன் சிங்கிள் தட்டாகப் பிரிட்டனில் வெளியானது. எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்கின் காதல் பாட்டொன்று முதலிடத்தை விட்டுத்தராததால் இரண்டாம் இடத்தோடு நின்றது. குழுவுக்கு நான்கு ஆண்டுகளில் இல்லாத சறுக்கல் என்று அப்போது பேசப்பட்டது. முன்பே சிங்கிளாக வந்துவிட்டதால் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தில் இந்தப் பாட்டு இடம்பெறவில்லை. அதைத் தன் தொழில் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு என்று மார்ட்டின் பின்னாளில் சொன்னார். விற்பனைப் பட்டியல் சறுக்கலைவிட இந்த வருத்தத்துக்கே நியாயம் அதிகம்.

பின்னர்

லென்னனின் கணக்கு வேறாக இருந்தது. 1980-இல் அளித்த பேட்டியில், தன் பாட்டுகள் வரும்போது மட்டும் கூடத்தில் சோதனை விளையாட்டு தொடங்கிவிடும் என்று குறைப்பட்டு, இந்தப் பாட்டையும் உதாரணம் காட்டினார். மார்ட்டினிடமோ, பீட்டில்ஸ் பதிவுகள் எல்லாவற்றையும் மறுபடி பதியலாம் என்று ஒருமுறை சொன்னார். எல்லாவற்றையுமா, ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்’ஸையுமா என்று மார்ட்டின் கேட்டதற்கு, அதைத்தான் முக்கியமாக என்று லென்னன் பதில் சொன்னதாக மார்ட்டின் நினைவுகூர்ந்திருக்கிறார்.