ஓட்டுக் கூரைகளின் ஊரில்

என் தம்பி தென்கொரியாவின் ஜியோன்ஜு நகரில் ஆய்வாளனாகப் பணிபுரிகிறான். சென்ற கோடை விடுமுறையில் அவனைக் காணப் புறப்பட்டபோது, என் மாணவிகள், "தமிழம்மா, நீங்கள் கட்டாயம் ஹன்போக் உடுத்திப் படம் எடுத்து வர வேண்டும்" என்றனர். ஹன்போக் என்பது கொரியர்களின் மரபுடை. தொலைக்காட்சித் தொடர்களில் அதைக் கண்டு மயங்காத பிள்ளைகள் இப்பொழுது உண்டோ!

ஜியோன்ஜுவின் பழைய பகுதியில் எழுநூறுக்கும் மேற்பட்ட ஹனோக் வீடுகள் உள்ளன. வளைந்த ஓட்டுக் கூரை, மர உத்திரம், நடுவே முற்றம். அடுப்பின் வெப்பம் தரைக்கடியிலுள்ள கல் பாதைகளில் ஓடி அறையைச் சூடாக்கும். அதனால் அங்கு தரையிலேயே அமர்வர், உறங்குவர். இவை மிகப் பழைய வீடுகள் என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் பல வீடுகள் 1930-களை ஒட்டி எழுந்தவை. ஜப்பானியர் ஆட்சியில் அவர்களுடைய வணிகர்கள் நகருக்குள் பெருகியபோது, கொரியர்கள் தம் முறைப்படி இங்கே வீடு கட்டிக் குடியேறினர்.

2010-இல் இவ்வூர் 'மெதுநகர்' என்னும் பன்னாட்டுச் சிறப்பைப் பெற்றது. 2012-இல் யுனெஸ்கோ இதன் உணவு மரபைப் போற்றியது. 2016-இல் வந்தவர் தொகை ஒரு கோடியைத் தாண்டியதாக நகராட்சி கூறியது. நான் சென்ற நாளில் அந்த மெதுநகரின் தெருக்களில் மின்வண்டிகள் விரைந்துகொண்டிருந்தன. பல வீடுகள் தேநீர்க் கடைகளாகவும் விடுதிகளாகவும் ஆடை வாடகைக் கடைகளாகவும் மாறியிருந்தன. வாடகை ஏற ஏற, பழைய குடும்பங்கள் வெளியேறிவிட்டனவாம். ஆயினும் பயணிகளை மட்டும் பழிக்க என் மனம் ஒப்பவில்லை. அவர்கள் வராதிருந்தால் இவ்வோடுகளைப் பழுதுபார்க்கப் பணம் ஏது?

நானும் ஒரு கடையில் ஹன்போக்கை வாடகைக்கு எடுத்தேன். சரிகை மினுங்கும் செயற்கை இழை. பாட்டிமார் உடுத்திய பருத்தியோ பட்டோ அன்று. ஒரு சந்தில் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஊறுகாய்ச் சாடிகளும் கொடியில் துணிகளும் தெரிந்தன. வாசற்படியில் ஒரு காலை வைத்துக் கைப்பேசியை உயர்த்தினேன். முற்றத்தில் பயற்று முளைகளை ஆய்ந்துகொண்டிருந்த மூதாட்டி நிமிர்ந்தார். ஏசவில்லை, எழுந்து வந்து, மெல்லக் கதவைச் சாத்தினார். கதவருகே ஓர் அறிவிப்பு இருந்தது. தம்பி படித்துச் சொன்னான்: "இது மக்கள் வாழும் வீடு. அமைதி காக்கவும்." எனக்கு முகம் சுருங்கிற்று. நேரம் மீதமிருந்தும் ஆடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தலைநகர் சியோலின் புக்சோன் பகுதியில் நிலைமை இன்னும் கடுமை. அங்குக் குறிப்பிட்ட தெருக்களில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரையே பயணிகள் நடமாடலாம். மீறினால், 2025 மார்ச் முதல் ஒரு லட்சம் வொன் தண்டம்.

பள்ளி திறந்ததும் மாணவிகள் படம் கேட்டனர். நடந்ததைச் சொன்னேன். காரைக்குடியைச் சேர்ந்த ஒருத்தி எழுந்து, "எங்கள் ஆயா வீட்டையும் இப்படித்தான் எட்டிப் பார்ப்பார்கள், அம்மா. ஆயா உள்ளே அழைத்துக் காப்பி கொடுப்பார்" என்றாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள்?" என்று கேட்டேன்.

"இரண்டு, மூன்று பேர்" என்றாள்.