பி.பி. நம்பர்

மூணு நாளாக அம்மா வேலைக்குப் போகவில்லை. மேஸ்திரி கூப்பிடவில்லை, அதனால் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கிறாள். நாலாம் நாள் வெலிங்டன் பஜாரில் மேஸ்திரியை நான் பார்த்தபோது அவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். "உங்கம்மாவுக்கு எத்தன தடவம்மா போன் போடுறது? போகவே மாட்டேங்குது. வேற ஆளப் போட்டுட்டேன்." வீட்டுக்கு வந்து போனை வாங்கிப் பார்த்தேன். ரீசார்ஜ் முடிந்து நாலு நாளாகியிருந்தது. வெளியே பேசவும் முடியாது, உள்ளே வரவும் செய்யாது.

அம்மா கேட்டாள்: "நான்தான் யாருக்குமே பேசலியே. அப்புறம் எப்படி காசு தீந்துச்சு?"

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு இதற்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன். நிலம், கூலி, பஞ்சமி என்று எழுத எவ்வளவோ கிடக்கும்போது சிம் கார்டு பற்றி எழுதுவதா என்று சில தோழர்கள் நினைக்கலாம். மூணு நாள் கூலி போன வீட்டில் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

எங்கள் லைன் வெலிங்டனுக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. மேலே ஸ்டாஃப் காலேஜ், மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர், ஆபீசர் பங்களாக்கள், கிளப். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, 1998, 99 வாக்கில், எங்கள் லைனில் ஒரு வீட்டிலும் போன் கிடையாது. மேலே ரோட்டோரத்தில் ஒரு வீட்டில் இருந்தது. வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். நம்பருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதிக் கொடுப்போம். கூப்பிட்டால் அவர்கள் ஆளனுப்பிச் சொல்ல வேண்டும், நாங்கள் ஓடிப்போய்ப் பேச வேண்டும்.

அந்த வீட்டு வாசற்படியை நாங்கள் தாண்டியதில்லை. தாண்டக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. ஜன்னலைத் திறந்து ரிசீவரை வெளியே நீட்டுவார்கள். ஒயர் அந்த அளவுக்குத்தான் வரும். மழையோ பனியோ, ஜன்னலுக்கு வெளியே நின்று பேச வேண்டும். பேசி முடித்துக் கொடுத்தால் அந்தம்மா ரிசீவரைத் துணியால் துடைத்துவிட்டு வைப்பார். மேட்டுப்பாளையத்தில் எங்கள் பாட்டி செத்துப்போன சேதி அந்த ஜன்னல் வழியாகத்தான் வந்தது. அம்மா வாய்விட்டு அழக்கூட இல்லை. ரிசீவரைக் கொடுத்துவிட்டு, தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு, பாதி இறக்கம் வந்த பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

அதனால்தான் செல்போன் வந்ததை எங்கள் சனங்கள் வெறும் வசதியாகப் பார்க்கவில்லை. 2003 மே 1க்கு முன்னால் நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து கூப்பிடுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும், இன்கமிங் இலவசம் என்று ஆனது. இது பெரிய விஷயம். கையில் பைசா இல்லாதவனையும் கூப்பிட முடியும். பழைய பட்டன் போனும் சிம்மும் இருந்தால் போதும், மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்தினோம். ஒரு மிஸ்டு கால் என்றால் வந்து சேர்ந்தாச்சு, ரெண்டு என்றால் கூப்பிடு. ஜன்னலும் துடைக்கிற துணியும் எங்கள் வாழ்க்கையிலிருந்து போனது அந்த இன்கமிங்கால்தான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. விலைகள் தடதடவென்று விழுந்தன. சின்னக் கம்பெனிகள் தாக்குப்பிடிக்கவில்லை. தமிழ்நாட்டில் நம்மில் பலருக்கு முதல் சிம்மாக இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. மிஞ்சியது மூன்று தனியார் கம்பெனிகளும் அரசாங்கத்தின் பி.எஸ்.என்.எல்.லும். அதன் பிறகு அவர்கள் தலைக்கு எவ்வளவு வருமானம் என்று எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணும்போது, இன்கமிங்குக்காக மட்டும் சிம் வைத்திருக்கிற நம் தலைகள் உறுத்தின.

2018 கடைசியில் குறைந்தபட்ச ரீசார்ஜ் வந்தது. 28 நாளைக்கு 35 ரூபாய், போடாவிட்டால் கொஞ்ச நாளில் இன்கமிங்கும் நிற்கும். ஏர்டெல்லில் இந்தக் குறைந்தபட்சம் 35லிருந்து 45, 79, 99, 155 என்று ஏறி, 2024 ஜூலையில் 199 ஆனது. ஆறு வருசத்துக்குள் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. மற்ற தனியார் கம்பெனிகளும் அதே மாதம் விலையை ஏற்றின. நம் கூலி அப்படி ஏறியதா?

அம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில். அவள் பேசுவதற்குக் காசு கொடுக்கவில்லை. மற்றவர்கள் அவளைக் கூப்பிட முடிவதற்காகக் காசு கொடுக்கிறாள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். கடைப் பலகையில் ஒரு நாளைக்கு எத்தனை ஜி.பி. என்றுதான் எழுதியிருக்கும். பட்டன் போன் வைத்திருப்பவருக்கு ஜி.பி. எதற்கு? நாம் கேட்க வேண்டியது, ஒரு நாள் இன்கமிங் உயிரோடு இருக்க எவ்வளவு ஆகிறது என்பதுதான். தொகையை நாளால் வகுத்தால் போதும். 28 நாளைக்கு 199 என்றால் ஒரு நாளைக்கு 7 ரூபாய் 11 காசு. மாதம் ஒருமுறை என்று நினைத்துப் போடுகிறோம். ஆனால் 28 நாள் கணக்கில் வருசத்துக்கு 13 தடவை போட வேண்டும், 2,587 ரூபாய். ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. பலகையில் முன்னால் நிற்பது இன்னும் 28தான்.

2024 டிசம்பரில் டிராய் இன்னொரு விதி கொண்டுவந்தது. டேட்டா இல்லாமல், பேச்சும் எஸ்.எம்.எஸ்.சும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்றது. அதன்படி 2025 ஜனவரியில் ஜியோ 84 நாளைக்கு 448, ஏர்டெல் 84 நாளைக்கு 469 என்று வைத்தன. நாளைக்கு ஐந்தரை ரூபாய்க்குள் அல்லது அதை ஒட்டி வரும். ஏர்டெல்லில் ஒரு வருசத்துக்கு 1,849, நாளைக்கு 5 ரூபாய் 7 காசு. இந்தத் தொகைகள் மாறும். வகுக்கிற முறை மாறாது.

இதிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. அதிக நாளைக்கு மொத்தமாகக் கட்டினால்தான் மலிவு. அரிசியை மூட்டையாக வாங்குகிறவருக்கு ஒரு விலை, அன்றன்றைக்குப் பாக்கெட் வாங்குகிறவருக்கு ஒரு விலை என்கிற அதே கதை. தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு 2024-25இல் ஒரு நாள் கூலி 319 ரூபாய். 1,849 என்றால் கிட்டத்தட்ட ஆறு நாள் கூலி. யார் கையில் அது மொத்தமாக இருக்கிறது? 84 நாள் திட்டம் ஒன்றரை நாள் கூலி. நம்மால் எட்ட முடிவது அதுதான். பஜாரில் ஒரு கடையில் இதைக் கேட்டேன். "அப்படி ஒண்ணும் வரல மேடம், 299 போடுங்க" என்றார். என் போனில் எடுத்துக் காட்டிய பிறகுதான் போட்டார்.

விலை மட்டும் பார்த்தாலும் போதாது. 2024 ஜூலையில் தனியார் விலையை ஏற்றியபோது பி.எஸ்.என்.எல். ஏற்றவில்லை. அந்த ஒரு மாதத்தில் மட்டும் அதற்கு 29 லட்சம் பேர் கூடினார்கள். எங்கள் லைனிலும் எந்தக் கம்பெனிக்கு மாறலாம் என்று பேச்சு வந்தது. பேர் சொல்லவில்லை, ஆனால் எங்கள் லைனில் ஒன்று வாசற்படியில் மட்டும் எடுக்கும். ஒன்று தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏறினால் எடுக்கும். ஒன்று வீட்டுக்குள்ளும் எடுக்கும், அதுதான் விலை கூடியது. மலையில் ஒரு மேடு குறுக்கே நின்றால் அதன் பின்னாலுள்ள பள்ளத்துக்குச் சிக்னல் இறங்காது. மேட்டில் பங்களா, பள்ளத்தில் லைன் என்று இடம் பிரித்தது யார்? டவர் வருவதற்கு நூறு வருசத்துக்கு முன்னாலேயே அது முடிவாகிவிட்டது. மேட்டில் இருப்பவர் மலிவான கம்பெனிக்கு மாறலாம். பள்ளத்தில் இருப்பவர் எது எடுக்கிறதோ அதற்குக் கட்டித்தான் ஆக வேண்டும். கம்பெனிகள் வெளியிடும் கவரேஜ் வரைபடத்தில் வெலிங்டன் முழுக்க ஒரே நிறமாகத் தெரியலாம். தகரக் கூரைக்குக் கீழே என்ன எடுக்கிறது என்பதை அந்த வீட்டில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும். ஆகவே மாறுவதற்கு முன் அந்தக் கம்பெனி சிம்மை யாரிடமாவது இரவல் வாங்கி, ராத்திரி ஏழு மணிக்கு அடுப்படியில் வைத்துப் பாருங்கள்.

நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் உரிமை 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. பெரிய எழுத்தில் 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு நம்பரையும் அடித்து, 1900க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். அதோடு ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனிக் கடைக்குப் போனால், மாநிலத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். கேட்கச் சுலபம். நாங்கள் ஒரு ராத்திரி ஆளாளுக்குப் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பல பேருடைய சிம் அவர்கள் பேரிலேயே இல்லை. ஒருத்தருக்கு மேஸ்திரி பேரில், ஒருத்தருக்குச் சிம் விற்றவன் பேரில், ஒரு சின்னம்மாவுக்கு எப்போதோ விட்டுவிட்டுப் போன புருசன் பேரில். ரேஷன், பேங்க், மகளிர் உரிமைத் தொகை எல்லாம் அந்த நம்பரில்தான் கட்டியிருக்கிறது. நம்பர் மட்டும் அடுத்தவனுடையது.

அதாவது இன்னும் பி.பி. நம்பர்தான். ஜன்னல்தான் கண்ணுக்குத் தெரியவில்லை.

நம் பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்று அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். அன்று ராத்திரி ஒவ்வொருவருக்காகப் பார்த்தோம். தன் பேரில் இல்லாதவர்கள் முதலில் பேர் மாற்ற வேண்டும், அல்லது தன் பேரில் புது சிம் வாங்கி பேங்கில் அந்த நம்பரைக் கொடுக்க வேண்டும். அலைச்சல்தான். ஒரு நாள் வேலையை விட வேண்டும். ஆனாலும் நாலு பேர் இதுவரை மாற்றிவிட்டார்கள். சங்கக் கூட்டங்களில் கூலியையும் பட்டாவையும் பேசும்போது, "தோழர், சிம் யார் பேர்ல இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அம்மாவுக்கு 84 நாள் திட்டம் போட்டாச்சு. முடிகிற தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். நேற்று சாயங்காலம் போன் அடித்தது. அடுப்படியிலிருந்தே எடுத்தாள். "ம், சொல்லுங்க மேஸ்திரி. நாளைக்கா? வர்றேன்" என்றாள். வைத்துவிட்டு முந்தானையால் போனைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். அவளுடைய போன், அவள் கை ஈரம்.