தறிக்கு எதிர்ச் சுவர்

ஆரணிக்குள் பஸ் நுழையும்போது முதலில் கண்ணில் படுவது அரிசி ஆலைகள். பட்டு தேடி வருகிறவர்கள் கடைத்தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். தறிகள் இருப்பது வீடுகளுக்குள். சைதாப்பேட்டை, கொசப்பாளையம் தெருக்களில் நடந்தால் தறிச்சத்தம் வாசல்வரை வரும். கொஞ்சம் தள்ளிப் போனால் முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று ஊருக்கு ஊர் அதே சத்தம்.

நான் போனது சேலை பார்க்க இல்லை, சுவர் பார்க்க. மனம் தளராமல் இருக்க வீட்டுச் சுவரில் என்ன மாட்டலாம், நம் கையாலேயே அதை எப்படிச் செய்யலாம் என்று பத்திரிகைகள் நிறைய யோசனை சொல்கின்றன. வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்புகிறவர்களுக்கான யோசனைகள் அவை. வீடே வேலையிடமாக உள்ளவர்கள், காலையில் தறியில் இறங்கினால் விளக்கு வைக்கும்வரை எதிர்ச் சுவரையே பார்த்திருப்பவர்கள், அந்தச் சுவரில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

நான் அதிக நேரம் இருந்த வீட்டில் கூடத்தின் பெரும்பகுதியைக் குழித்தறி எடுத்துக்கொண்டிருந்தது. நெய்பவர் ஓர் அக்கா, ஐம்பதை நெருங்கும் வயது. கணவர் தார் சுற்றித் தருவார், முதலாளி வீட்டுக்குப் போய் நூல் வாங்கி வருவார். சாமி படங்கள் வழக்கம்போல உயரத்தில். மற்றவையெல்லாம் ஆச்சரியப்படும்படி தாழ்வாக மாட்டியிருந்தன. நின்றுகொண்டு பார்த்தால் ஏதோ குழந்தைகள் ஒட்டிவைத்தது போலிருக்கிறது. அக்கா சொன்னபடி தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. கண்மட்டம் தரையிலிருந்து இரண்டரை அடிதான். விரித்த பாவுக்கு, அதாவது நீளவாட்டு இழைகளுக்கு, அந்தப் பக்கம், நிமிர்ந்தால் நேரே தெரியும் இடத்தில் எல்லாம் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக வைத்த அலங்காரம் இல்லை அது. நெய்கிற ஒருவருக்காக மட்டும் வைத்தது.

முகூர்த்த நாட்களைச் சிவப்பில் வட்டமிட்ட ஒரு காலண்டர். அடுத்து ஒரு சிறிய சட்டத்துக்குள் அக்காவின் புகைப்படமும் பெயரும் அச்சிட்ட அட்டை. நெய்தவர் யார் என்று வாங்குபவருக்குத் தெரியட்டும் என்று கோ-ஆப்டெக்ஸ் பட்டுச் சேலைகளோடு வைக்கத் தொடங்கிய வகை அட்டை அது. கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்த காலத்தில் கிடைத்த ஒன்றை அக்கா எடுத்து வைத்திருக்கிறார். “சேலை யார் ஊட்டுக்கோ போயிடும்மா. இது நம்மகிட்ட இருக்கட்டுமேன்னு வச்சேன்,” என்றார்.

அதற்குக் கீழே இருந்ததை நான் நெடுநேரம் பார்த்தேன். தறியில் டிசைனை இயக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஓடி ஓய்ந்த பழைய டிசைன் அட்டைகள் சில. ஒடுக்கமான, கெட்டியான அட்டைகள். ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்து, அவற்றின் துளைகள் வழியாகவே பட்டு இழையை ஊசியில் ஏற்றி, ‘இன்னும் ஒரு முழம்’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் மகள், பிளஸ் டூ படித்தபோது. ஓர் அட்டை என்பது குறுக்கே ஓடும் ஊடை இழையின் ஓர் ஓட்டத்துக்கான கட்டளை. எந்தப் பாவு இழையைத் தூக்க வேண்டுமோ அங்கே துளை, மற்ற இடம் மூடியிருக்கும். எனவே எழுத்துக்கு வேண்டிய இடத்தில் எல்லாம் துளை அமையாது. அமையாத இடங்களில் அந்தப் பெண் ஊசியாலேயே குத்தித் துளைத்திருக்கிறாள். மிஷின் போட்ட துளை கத்தரித்த மாதிரி வட்டமாக இருக்கிறது. அவள் போட்டது ஓரம் பிசிறியிருக்கிறது. ‘ழ’வின் சுழியில் மட்டும் பிசிறிய துளைகள் அதிகம். இழையும் ஒரே நிறம் இல்லை. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, நடுவில் இரண்டு அங்குலத்துக்கு ஜரிகை.

ஏன் இத்தனை நிறம் என்று கேட்டேன். பட்டும் ஜரிகையும் முதலாளி எடைபோட்டுக் கொடுப்பது. சேலையையும் எடைபோட்டுத்தான் வாங்கிக்கொள்வார். சேதாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்குள் அடங்கும் அறுந்த முனைகளையும், பாவு பிணைத்தபின் மிஞ்சும் துண்டுகளையும் மட்டும் அக்கா ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். ஒரு பாவுக்கு மூன்று சேலை, அடுத்த பாவுக்கு வேறு நிறம். ஆக, அந்த நான்கைந்து நிறங்கள் சேர்வதற்குப் பல மாதங்கள் ஆகியிருக்கும். அக்காவிடம் ஒவ்வொரு நிறத்தையும் காட்டிக் கேட்டேன். எந்தச் சேலை, எந்த மாதம், பாவு எப்போது அறுந்து எவ்வளவு பாடுபடுத்தியது என்று தயங்காமல் சொன்னார்.

கடையில் வாங்கிய வாசகப் படங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் அங்கேதான் கண்டேன். ‘உன்னால் முடியும்’ என்று அச்சடித்த படம் யார் வீட்டிலும் தொங்கலாம். அதற்கு நம்மைத் தெரியாது. இந்த அட்டை அக்கா முடித்துக்கொடுத்த வேலையிலிருந்தே பிறந்தது. பார்க்கும்போதெல்லாம், இதைவிடக் கஷ்டமான பாவை நீ நெய்து இறக்கியிருக்கிறாய் என்று ஆதாரத்தோடு சொல்கிறது. “இழை அறுந்தா கோவம் வரும்மா. கோவத்தோட முடி போட்டா நிக்காது, மறுபடியும் அறுந்துடும். ஒரு நிமிஷம் அதைப் பாத்துட்டுக் கை வைப்பேன்,” என்றார் அக்கா. நம்பிக்கை என்பது அந்த ஒரு நிமிஷ நிதானம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குமேல் ஒரு சுவரிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

நெசவாளர் வீடுகளில் இப்படிக் கையால் செய்து மாட்டியவற்றில் பலவும் மழைக்காலத்தில் செய்தவை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் குழியில் ஈரம் ஏறும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும், தெருவில் பாவு விரிக்க முடியாது. கூலி நின்றுபோகும் நாட்கள். 2020 ஊரடங்கில் அது மாதக்கணக்காக நீண்டது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு நிலைப்படியில் பட்டுக் குஞ்சத் தோரணம் ஒன்று பார்த்தேன். ஊரடங்கில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து கட்டியது. கை சும்மா இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கும் என்று கட்ட ஆரம்பித்தார்களாம்.

பட்டு நெசவு இப்படிச் சுவருக்குப் போன கதைகள் வேறு ஊர்களிலும் உண்டு. இன்று ஆரணியில் ஓடும் ஜக்கார்டு பெட்டிக்கு மூலமான தறிப்பொறியை 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு அமைத்தார். அவர் இறந்தபின், 1839-இல், சுமார் 24,000 அட்டைகள் கொண்டு அவர் உருவத்தையே அந்த ஊரில் பட்டில் நெய்தார்கள். கணினியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் அதில் ஒன்றை வாங்கி லண்டனில் தன் வீட்டில் வைத்திருந்தார்.

ஆரணிக்கு இன்னும் நெருக்கமானது இங்கிலாந்தின் கவென்ட்ரி கதை. பட்டு ரிப்பன் நெய்து பிழைத்த ஊர். 1860-இல் பிரான்சோடு போட்ட வணிக ஒப்பந்தத்தால் பிரெஞ்சுப் பட்டுக்கு இருந்த வரி நீங்கியது. கவென்ட்ரித் தறிகள் நின்றன, ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுப் போனார்கள். அப்போது தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் அதே ஜக்கார்டு தறியில் வாழ்த்தும் நல்வாக்கும் நெய்த பட்டுப் புத்தகக் குறிகளை இறக்கினார். பிறகு சட்டமிட்டு மாட்டும் பட்டுப் படங்களும் வந்தன. ஊரின் வறுமையை அது தீர்த்துவிடவில்லை. ஆனால் கொஞ்சம் தறிகள் மறுபடி ஓடின.

ஆரணியின் நெருக்கடியும் சிறியதல்ல. பட்டுச் சேலையைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கிறது. காஞ்சிப் பட்டைவிட எடை குறைந்த, கட்ட இலகுவான சேலை என்பதுதான் ஆரணிப் பட்டின் பெருமை. புவிசார் குறியீடும் உண்டு. அந்த இலகுவையே மிஷின் எளிதாகப் போலி செய்கிறது. விடிகாலையில் தெருமுனைக்கு வரும் கம்பெனி பஸ் ஏறிப் பிள்ளைகள் செய்யாறு சிப்காட்டுக்குப் போகிறார்கள். ‘இன்னும் ஒரு முழம்’ எழுதிய மகளும் இப்போது அங்கேதான். 2019-20 கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள், பெரும்பாலோர் பெண்கள். அவர்களிடம் போய் மனதை உற்சாகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வது அநியாயம். அக்காவின் சுவரை நான் மதிப்பது, கூலி போதாது என்பதை அது மறைக்காததால். காலண்டரின் ஓரத்திலேயே பென்சிலில் பாக்கிக் கணக்கு எழுதியிருக்கிறது.

கவென்ட்ரிப் பட்டுக்குறிகளின் படத்தைப் போனில் காட்டினேன். அக்கா பெரிதாக்கிப் பார்த்து, எழுத்தின் ஓரம் எத்தனை இழையில் வளைகிறது என்று எண்ணினார். கணவரும் வந்து எட்டிப் பார்த்தார். சேலை நெய்கிற பாவிலேயே இதை ஓட்ட முடியாது, அகலம் குறைந்த தனிப் பாவு வேண்டும், அட்டை குத்தத் தனிச் செலவு என்றார். தமிழ் எழுத்தென்றால் சுழி அதிகம், அட்டையும் அதிகமாகும். ஓர் ஆள் ஒரு நாளில் எத்தனை இறக்கலாம் என்று இருவரும் கணக்குப் போட்டார்கள். சேலைக்கூலிக்குக் குறையாமல் வருமென்றால் மழைக்கு முன்னால் ஒரு தறியில் போட்டுப் பார்க்கலாம் என்றார் கணவர். அக்கா இடைமறித்தார்: “வாங்கறவங்க என்னா வெலை குடுப்பாங்கன்னு மொதல்ல கேட்டுச் சொல்லும்மா. அப்புறம் பாவு போடலாம்.” விசாரித்துச் சொல்கிறேன் என்று அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.