போலீஸ் சைரனில் பிறந்த காதல் பாட்டு!

பிரான்ஸின் மார்செய் நகரம். போலீஸ் வண்டியின் சைரன் அலறுகிறது. நாமாக இருந்தால் காதைப் பொத்திக்கொள்வோம். இத்தாலிய இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனேவுக்கோ அதில் ஒரு மெட்டு கிடைத்தது!

அதுதான் 1966-ல் மீனா பாடிய ‘சே டெலிஃபோனாண்டோ’. மௌரிட்ஸியோ கோஸ்தான்ஸோவும் கீகோ தே கியாராவும் பாடல் வரிகளை எழுத, ஒரு டி.வி. நிகழ்ச்சிக்காக உருவான பாட்டு இது. ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்துக்கு மோரிக்கோனே இசையமைத்ததும் அதே ஆண்டில்தான்.

கதை ரொம்பச் சின்னது. இப்போதுதான் மலர்ந்த காதல், அதற்குள் அவள் மனசில் முடிந்துவிட்டது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? போனிலேயே சொல்லிவிடலாமா?

மெட்டின் உயிர் மூன்றே ஸ்வரங்கள். அவை திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால், அழுத்தம் விழும் இடம் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நடுநடுவே சுருதியும் மாறுகிறது. சொல்ல முடியாத ஒன்றையே மனசு சுற்றிச் சுற்றி வருமே, அப்படி!

இன்று உறவை முடிக்க ஒரு ‘பிளாக்’ போதும். ஆனால், ‘அவன் மனசு நோகுமே’ என்ற தவிப்பை எந்த பட்டனை அழுத்தி நிறுத்துவது? மீனாவின் குரலில் இன்றும் கேட்பது அந்தத் தவிப்புதான்.