வள்ளி நாயகி வந்த வழி

சூரனை வென்ற வேலவன் சினம் தணிந்து அமர்ந்த மலை தணிகை மலை. வள்ளி நாயகியின் பொருட்டு வேடர்களோடு புரிந்த சிறு போரின் கோபமும் அங்கேயே தணிந்தது என்பர் பெரியோர். அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படும் இத்தலத்தைத் தரிசிக்காத முருகனடியார் அரியர். எனினும், நம்மில் பெரும்பாலோர் சென்னையிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ வருகிறோம். மலையேறித் தொழுது, சந்தனப் பிரசாதம் பெற்று, வந்த வழியே திரும்பிவிடுகிறோம். மலைக்கு மேற்கே செல்லும் ஒரு சாலையை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தச் சாலையைப் பற்றியதே இக்கட்டுரை.

திருத்தணியிலிருந்து சோளிங்கர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கே.ஜி.கண்டிகை. பேருந்தில் செல்வோர் கண்ணுக்கு அது மற்றுமொரு நிறுத்தம். ஆயினும் ஊரின் பெயரிலேயே இந்நிலத்தின் கதை பொதிந்திருக்கிறது. இவ்வட்டாரத்தில் கண்டிகை என்று முடியும் ஊர்கள் பல. ஆந்திர எல்லையைத் தாண்டினால் அதே சொல் ‘கண்டிரிகை’ என்று தெலுங்கில் ஒலிக்கும். தமிழிலோ கண்டிகை என்பதற்குக் கழுத்தணி என்றும் பொருள் உண்டு. சிவனடியார் அணியும் உருத்திராக்க மாலையையும் கண்டிகை என்றே நம் முன்னோர் வழங்கினர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசிக்கொள்ளும் பூமி இது. வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் மற்றொரு மொழி என்று வாழ்வோர் இங்கே ஏராளம்.

இச்சாலையின் பெருமையை அறிய வரைபடம் ஒன்றை விரித்துப் பார்த்தால் போதும். மேற்கே வள்ளிமலை, நடுவே சோளிங்கர், கிழக்கே திருத்தணி. இம்மூன்று தலங்களும் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருக்கின்றன. வள்ளிமலை, வேடர்குலத் தலைவன் நம்பிராசன் மகளாக வள்ளி வளர்ந்த இடம். தினைப்புனம் காத்து, கிழவனாக வந்த குமரனைக் கண்டு, யானைக்கு அஞ்சி அவனையே தஞ்சமடைந்த இடம். திருத்தணி, அவளை மணந்து அவன் வீற்றிருக்கும் இடம். பிறந்தகத்திலிருந்து புக்ககத்திற்கு நம் அன்னை வந்த திசை இதுவே என்று எண்ணும்போது, சாலையோர வயலும் குன்றும் வேறு கோலம் கொள்கின்றன.

வள்ளிமலையில் மலைமேலும் அடிவாரத்திலும் முருகன் சந்நிதிகள் உண்டு. சமண முனிவர்கள் தங்கிய குகைகளும் பாறைச் சிற்பங்களும் அம்மலையின் தொன்மையைச் சொல்கின்றன. அருகில் பொன்னையாற்றங்கரையில் உள்ள மேல்பாடியில், தம் பாட்டனார் அரிஞ்சய சோழரின் நினைவாக மாமன்னர் இராஜராஜர் எழுப்பிய சிவாலயம் இன்றும் நிற்கிறது.

கிழக்கே வந்தால் சோளிங்கர். கடிகாசலம் எனப்படும் இத்திருமலையில் ஒரு நாழிகை தங்கினாலே முக்தி கிட்டும் என்பது நம்பிக்கை. 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான இங்கே யோக நரசிம்மர் பெரிய மலையிலும், யோக ஆஞ்சநேயர் சிறிய மலையிலும் அருள்பாலிக்கின்றனர். பெரிய மலைக்கு 1,305 படிகள். கார்த்திகை மாதத்தில் பெருமான் யோகம் கலைந்து கண் திறந்து பார்க்கிறார் என்பதால் அம்மாதம் கூட்டம் பெருகும். படியேற இயலாத முதியோர் 2024 முதல் இயங்கும் ரோப் கார் மூலம் மேலே செல்லலாம். உற்சவர் பக்தவத்ஸலப் பெருமாளை ஊருக்குள்ளேயே சேவிக்கலாம்.

சோளிங்கரிலிருந்து கே.ஜி.கண்டிகை வழியாகத் தணிகையை அடைகிறோம். ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள். அவற்றுக்குப் படிபூஜை செய்யும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சுவாமிகள். மைசூர் அரண்மனையில் சமையற்பணி செய்தவர் அவர். பின்னர் துறவு பூண்டு, திருப்புகழையே மந்திரமாகக் கொண்டு வள்ளிமலையில் வாழ்ந்தார். ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைக்காரத் துரைகளைக் கண்டு வாழ்த்துப் பெறுவதற்காகக் காத்து நின்ற மக்களைப் பார்த்து, துரைகளுக்கெல்லாம் துரையான தணிகைத் துரையைக் காண வாருங்கள் என்று அழைத்தார். டிசம்பர் 31 அன்று படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறும் விழா இன்றும் தொடர்கிறது. வள்ளியின் மலையில் வாழ்ந்தவர் வள்ளி மணாளனின் மலைக்கு நம்மை அழைத்துச் சென்றது எத்தனை பொருத்தம்!

இம்மலை எவரிடமும் மொழி கேட்டதில்லை. அருணகிரிநாதர் தமிழில் பாடினார். கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் இயற்றினார். முத்துசுவாமி தீட்சிதர் வாயில் முதியவர் ஒருவர் கற்கண்டை இட்டு மறைய, ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்னும் முதற்கீர்த்தனை வடமொழியில் இங்கேதான் பிறந்தது. 1888-ஆம் ஆண்டு தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்து, இத்திருத்தணியில் பள்ளி சென்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்தார்.

ஆயினும் மனிதர்களிடையே ஒருகாலத்தில் பிணக்கு மூண்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் உருவானபோது, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியும் அதனோடு சென்றது. தமிழ் முழங்கிய தணிகை தமிழ்நாட்டுக்கே வேண்டும் என்று ம.பொ.சி. குரல் எழுப்பினார், திருத்தணியைச் சேர்ந்த கே. விநாயகம் உள்ளிட்டோர் போராட்டத்தை நடத்தினர். பலர் சிறை சென்றனர். அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தவர்களே எதிரெதிர் அணிகளில் நிற்க நேர்ந்த காலம் அது. இவ்விதழை வாசிக்கும் மூத்தோர் சிலருக்கு அந்நாட்கள் நினைவிருக்கும். இறுதியில் படாஸ்கர் அவர்களின் பரிந்துரைப்படி இரு மாநிலங்களும் உடன்பட்டன. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. இரு தரப்பும் ஒன்றைப் பெற்று ஒன்றை விட்டுக்கொடுத்தன. சினம் தணிந்த மலையை முன்னிட்டு எழுந்த சினமும் தணிந்தே போயிற்று.

எல்லைக்கோடு காகிதத்தில் நின்றது, காவடிகளைத் தடுக்கவில்லை. ஆடிக் கிருத்திகையன்று நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து தெலுங்கு பேசும் அடியார்கள் மஞ்சளாடை அணிந்து, மலர்க்காவடி சுமந்து, நம்மவரோடு தோளுரச நடந்து வருகிறார்கள். ‘அரோகரா’ என்னும் முழக்கத்தில் எது தமிழ், எது தெலுங்கு என்று யாரால் பிரிக்க இயலும்? பிரதோஷந்தோறும் நம்மவர்கள் ஊத்துக்கோட்டையைத் தாண்டிச் சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட ஈசனைத் தொழச் செல்கிறார்கள்.

கந்த சஷ்டிக்கு மற்றத் தலங்களில் சூரசம்ஹாரம் நிகழும். தணிகையில் அது இல்லை. முருகனுக்குப் புஷ்பாஞ்சலியே நடைபெறுகிறது. வேல் ஓய்ந்து மலர் பொழியும் தலம் இது. மகனோடு பேசாதிருப்பவர், உடன்பிறந்தாரோடு நிலத்தகராறில் மனம் கசந்தவர், பழைய வருத்தமொன்றை முதுமையிலும் சுமப்பவர் யாராயினும் அதை இறக்கிவைக்க இதைவிட உகந்த சந்நிதி எது?

அடுத்தமுறை தணிகைக்குச் செல்லும் அன்பர்கள் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் வள்ளிமலையில் அன்னையைத் தொழுது, சோளிங்கரில் தங்குங்கள். மறுநாள் காலை நரசிம்மரைச் சேவித்து, கே.ஜி.கண்டிகை வழியே கிழக்கு நோக்கி வாருங்கள். படியேற இயலாவிடில் மலைப்பாதையில் வாகனம் செல்லும். இறங்கியபின் சரவணப் பொய்கையைத் தரிசித்து, பல்லவர் அபராஜிதவர்மர் காலத்தில் நம்பி அப்பி என்பவர் கல்லால் எழுப்பிய வீரட்டானேசுவரர் கோயிலையும் கண்டு தொழுங்கள். அங்கே படியேறும் சிரமம் இல்லை.

பேரப்பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். சாலையில் கண்டிகை என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் வண்டியைச் சற்றே நிறுத்தச் சொல்லி, “வள்ளியம்மை வந்த வழியம்மா இது” என்று சொல்லுங்கள். நமக்கு நம் பாட்டிமார் சொன்ன கதை அவ்வாறே அவர்கள் நெஞ்சிலும் தங்கட்டும். தணிகைவேலன் நம் அனைவரின் மனத்தாபங்களையும் தணித்து அருள்வானாக!