அம்பருக்குள் போனவையும் சுள்ளிக்குள் மிஞ்சினவையும்

எங்களில் ஒருத்தியின் சித்தி ஜேர்மனியில் இருக்கிறா. போன முறை லீவுக்கு வந்தபோது ஒரு பென்டன் கொண்டு வந்தா. தேன் நிறம். பெருவிரல் நகத்தின் அளவு. நடுவில் ஒரு எறும்பு.

"நாலு கோடி வருஷத்து எறும்பாம் பிள்ளை. பத்திரமா வைச்சிரு" என்று சொல்லித்தான் தந்தவா. பால்டிக் கடற்கரைப் பக்கம் சுற்றுலா போன இடத்தில், தெருவோரச் சந்தையில் வாங்கினதாம்.

அன்று பின்னேரம் முழுக்க நாங்கள் ஐந்து பேரும் அந்தக் கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டு இருந்தோம். போன் டோர்ச்சை அடித்தும் பார்த்தோம். ஆறு கால், இரண்டு உணர்கொம்பு, எல்லாம் வடிவாக விரிந்து, சரியாக நடுவில் நின்றது. "பாஸ்போர்ட் படத்துக்கு நிண்ட மாதிரி நிக்குதடி" என்று ஒருத்தன் சொன்னபோதுதான் முதல் சந்தேகம் வந்தது.

உண்மையான அம்பர் கட்டி உப்புத் தண்ணீரில் மிதக்கும், போலி தாழும் என்று இணையத்தில் இருந்தது. கொக்கியைக் கழற்றினோம். ஒரு கிளாஸ் தண்ணியில் ஆனையிறவு உப்பை, இனிக் கரையாது என்ற அளவுக்குக் கரைத்தோம். கல்லைப் போட்டோம். டொக் என்று அடியில் போய் இருந்தது. குலுக்கினோம், இன்னும் ஒரு கரண்டி உப்புப் போட்டோம். அது அசையவே இல்லை.

சித்திக்கு இன்னும் சொல்லவில்லை. இதை அவ வாசிக்க மாட்டா என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறோம்.

ஏமாந்த கோபத்தில், உண்மையான அம்பர் எறும்பு எப்படி இருக்கும் என்று தேடத் தொடங்கினோம். அம்பர் முதலில் கல்லே இல்லை. மரத்தின் பிசின். எங்கட வேப்பம் பிசின் மழைத் தண்ணிக்குக் கரைந்து போகும். இது தண்ணிக்குக் கரையாத வகை. காயம்பட்ட மரத்தில் வழியும். அதில் ஒரு எறும்பு கால் வைக்கும். இழுக்கப் பார்க்கும். அடுத்த வழிசல் வந்து மூடிவிடும். பிறகு மண்ணுக்குள் புதைந்து, கோடிக்கணக்கான வருஷத்தில் இறுகி அம்பராகிறது. பால்டிக் அம்பர் ஏறக்குறைய 4 கோடி ஆண்டுகள் பழையது. புயலுக்குப் பிறகு கடலே அதைக் கரையில் கொண்டுவந்து போடும்.

படங்களைப் பார்த்தபோது எங்கட பென்டனுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம் உடனே விளங்கியது. உண்மையான அம்பர் எறும்புகள் வடிவாக நிற்பதில்லை. ஒரு கால் மடங்கி இருக்கும். பக்கத்தில் காற்றுக் குமிழ் இருக்கும், மரத்தூள் இருக்கும். சிலதில் உடம்பின் ஒரு பக்கம் பால் ஊற்றின மாதிரி வெள்ளையாக மூடியிருக்கும். யாரும் அவற்றைப் படம் எடுக்க நிறுத்தவில்லை. அவை தப்பப் பார்த்தவை.

இப்படித் தேடிப் போன இடத்தில்தான் அந்தப் பெயர் வந்தது. புரோட்டானியூரெட்டஸ்.

1915இல் வில்லியம் மோர்ட்டன் வீலர் என்ற அமெரிக்க எறும்பு ஆய்வாளர் பால்டிக் அம்பர் எறும்புகளைப் பற்றி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். அது கோனிக்ஸ்பேர்க் நகரத்தில் வெளிவந்தது. இன்றைக்கு அந்த ஊர் ரஷ்யாவின் கலினின்கிராட். அங்கத்தைய பல்கலைக்கழகத்தின் அம்பர் சேகரிப்பில் ஒரு பகுதி இரண்டாம் உலகப் போரில் தொலைந்து போனது. தப்பினது ஜேர்மனியின் கோட்டிங்கனுக்குப் போய்ச் சேர்ந்தது. போரில் தொலைந்த சேகரிப்பு என்றால் எங்கட ஆக்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

வீலர் ஆயிரக்கணக்கான அம்பர் எறும்புகளைப் பார்த்தவர். அதில் ஒன்றுக்கு அவர் வைத்த புதிய சாதிப் பெயர்தான் புரோட்டானியூரெட்டஸ். ஏ.எல். உயிரியலில் சாதி, இனம் என்று படித்தோமே, அந்தச் சாதி. (எறும்புக்கும் சாதி வைத்த பாடப்புத்தகத்தைப் பற்றி இன்னொரு நாள் கதைப்போம்.) அந்தச் சாதியில் ஒரே ஒரு இனம், சக்சினியஸ். 'அம்பருக்குரியது' என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி, அம்பருக்கு வெளியில் அதை யாரும் கண்டதில்லை. அழிந்துவிட்டது. அதே அம்பரில் கிடைத்த இன்னொரு சொந்தக்காரச் சாதிக்கு பரானியூரெட்டஸ் என்று பெயர் வைத்தார். அதுவும் அழிந்தது.

'புரோட்டோ' என்றால் முந்தியது. 'பரா' என்றால் பக்கத்தில் உள்ளது. அனியூரெட்டஸுக்கு முந்தியது, அனியூரெட்டஸுக்குப் பக்கத்தில் உள்ளது.

"அப்ப ஆரடா இந்த அனியூரெட்டஸ்?"

அடுத்த பக்கத்தைத் திறந்தோம். முதல் வரியிலேயே இருந்தது: இலங்கை.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. ஐரோப்பாவில் 4 கோடி வருஷத்துக்கு முன் பிசினில் சிக்கின எறும்புக்கு, எங்கட நாட்டு எறும்பு ஒன்றை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நாங்கள் பதின்மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவர்கள். ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை, ஒரு பரீட்சையிலும் வந்ததில்லை.

கதை இதுதான். 1892இல் இலங்கைக்கு வந்த யூஜின் சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த எறும்பைப் பிடித்தார். அவர் உண்மையில் சிலந்தி ஆய்வாளர். 1893இல் இத்தாலியரான கார்லோ எமெரி அதற்கு அனியூரெட்டஸ் சைமோனி என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் அந்த முதல் சொல்லுக்குக் 'கண்டுபிடிக்கப்படாதது' என்று பொருள். பெயர் பலித்துவிட்டது போல. பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த எறும்பு எப்படி வாழ்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

1955இல் எட்வேர்ட் வில்சன் அதைத் தேடி இலங்கைக்கு வந்தார். பிறகு உலகப் புகழ் பெற்ற எறும்பு விஞ்ஞானி. அப்போது வயது 26, எங்களைவிடக் கொஞ்சம்தான் கூட. கண்டி உடவத்தகலைக் காட்டில் தேடினார், கிடைக்கவில்லை. இரத்தினபுரிப் பக்கம் இறங்கி வந்தார். அங்கேயும் கிலிமலைக் காட்டிலும் உயிரோடு கண்டார். சின்ன மஞ்சள் எறும்பு. கொட்டும் முள் உண்டு. வேலைக்கார எறும்புகளில் இரண்டு அளவு: சின்னன் ஒன்று, பெரிய தலையோடு காவல்காரன் ஒன்று. மழைக்காட்டின் தரையில் விழுந்து கிடக்கும் உக்கின குச்சிக்குள், தடிக்குள் சின்னச் சின்னக் குடும்பங்களாக இருக்கும்.

இதில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்கலாம். நாங்களும் கேட்டோம். உலகத்தில் இதுவரை பெயர் வைத்த எறும்பு இனங்கள் 14,000க்கும் மேல். எறும்புக் குடும்பத்துக்குள் பல துணைக்குடும்பங்கள். அதில் ஒன்று அனியூரெட்டஸின் துணைக்குடும்பம். ஒரு காலத்தில் இவை எங்கும் இருந்திருக்கின்றன. பால்டிக் அம்பரில் இருக்கிறது. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள சகலின் தீவு அம்பரில் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் பாறைப் படிவமாக இருக்கிறது. அத்தனையும் அழிந்து, இன்றைக்கு உயிரோடு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு இனம். அது இருப்பது இலங்கையின் ஈரவலயத்தில் மட்டும்.

ஐரோப்பாவில் எப்படி என்று யோசித்தால், எங்கட மாமரத்து முசுறை நினைத்துக்கொள்ளுங்கள். இலையை இழுத்துத் தைத்துக் கூடு கட்டி, மாங்காய் பிடுங்கப் போனால் கடித்துக் கலைக்குமே, அந்த முசுறின் சொந்தங்களும் பால்டிக் அம்பருக்குள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் அங்கே வெக்கை கூட. பிறகு வடக்கு குளிர்ந்தது, வெக்கையில் வாழ்கிறவை அங்கே இல்லாமல் போயின. முசுறு ஆபிரிக்கா, ஆசியா, அவுஸ்திரேலியா என்று பரந்து தப்பிவிட்டது. அனியூரெட்டஸுக்கு மிஞ்சினது ஒரு தீவின் ஒரு மூலை.

சீனிப் போத்தலைச் சுற்றி ஓடும் கறுத்தத் தலைச் சிற்றெறும்பு இருக்கிறதே, அதன் துணைக்குடும்பம்தான் அனியூரெட்டஸுக்கு ஆகக் கிட்டின சொந்தம். அந்தப் பக்கத்துக்காரர் கொட்டும் முள்ளை இழந்துவிட்டார்கள். அனியூரெட்டஸ் இழக்கவில்லை. அந்தப் பிரிவு எப்படி நடந்தது என்று உயிரோடு காட்டக்கூடியது இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் அம்பருக்குள்ளும் பாறைக்குள்ளும் வாய் திறக்காமல் இருக்கின்றன.

இவ்வளவும் வாசித்த பிறகுதான் ஒருத்தி கேட்டாள்: "கிலிமலை எண்ட பேரை நாங்கள் எங்கயோ கேள்விப்பட்டிருக்கிறம், என்ன?"

கேள்விப்படவில்லை. போயிருக்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் சிவனொளிபாதமலைக்குப் போனோம். எல்லாரும் ஹட்டன் பக்கத்தால் ஏறுகிறார்கள், நாங்கள் வித்தியாசமாகப் போவோம் என்று இரத்தினபுரி, பலாபத்தலைப் பாதையைப் பிடித்தோம். அந்த றோட்டு கிலிமலையால்தான் போகிறது. வழியில் காட்டோரம் வானை நிறுத்தினோம். ஒருத்தன் அலுமினியக் கேத்தில் கொண்டு வந்திருந்தான். மூன்று கல்லை வைத்து, கீழே கிடந்த சுள்ளி, உக்கின தடி எல்லாம் பொறுக்கி நெருப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்தோம். ஈரத் தடி புகைந்தது. அட்டைக்கு நல்லம் என்று இன்னும் போட்டோம். படம் இருக்கிறது. ஐந்து பேரும் புகைக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறோம். எங்கட காலடியில் ஒரு கட்டு குச்சி.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். தெரியாது. எந்தக் குச்சிக்குள்ளும் ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அது எங்களுக்கு ஆறுதலாக இல்லை.

உடனே எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. "அந்தச் சனம் காலம் காலமா அங்க விறகு பொறுக்குது. அதைவிட நாங்கள் எரிச்சது என்ன பெரிய விஷயமே?" என்று ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. 2022இல் காஸ் இல்லாத காலத்தில் எங்கட வீடுகளிலும் விறகுதான் எரிந்தது. அடுப்பு மூட்ட விறகு தேடுகிற ஒரு அம்மாவிடம் போய், எறும்பு இருக்குது பொறுக்காதையுங்கோ என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் நாங்கள் எரித்தது சமைக்க இல்லை. பத்து நிமிஷம் முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடையைக் கடந்துதான் வந்தோம். நாங்கள் எரித்தது படத்துக்கு.

இதைச் சொன்ன பிறகு ஒருத்தரும் வாக்குவாதம் பண்ணவில்லை.

1980களில் இலங்கையைச் சேர்ந்த அனுலா ஜயசூரியவும் ஜேம்ஸ் ட்ரானியெல்லோவும் இந்த எறும்பின் வாழ்க்கையைப் பற்றி எழுதினார்கள். பிறகு களனிப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீயானி டயஸும் அவருடைய மாணவர்களும் வேறு சில காடுகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். அது நல்ல செய்தி. ஆனால் அவையும் துண்டு துண்டான தாழ்நிலக் காடுகள்தான். சுற்றிலும் தேயிலை, றப்பர், வீடு, றோட்டு. 1996இல் உலகச் சிவப்புப் பட்டியல் இதை அழிவுக்கு மிகக் கிட்ட நிற்கும் இனமாகப் போட்டது. யானைக்கும் சிறுத்தைக்கும் பதாகை பிடிக்க ஆள் இருக்கிறது. இரண்டரை மில்லிமீற்றர் மஞ்சள் எறும்புக்கு எங்கட மொழியில் ஒரு பெயர்கூட எங்களுக்கு அகப்படவில்லை.

இந்த வருஷப் பருவத்தில் திரும்பவும் போனோம். மலைக்கு இல்லை, கிலிமலைக்கு. காட்டுக்குள் போகவில்லை. அதற்கு அனுமதி வேண்டும், எங்களிடம் இல்லை. றோட்டோரம், முன்பு வான் நிறுத்தின இடத்தைத் தேடினோம். மூன்று கல்லும் கிடந்தன. பாசி பிடித்திருந்தது. சாம்பலை மழை கொண்டுபோய்விட்டது.

கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி கிடந்தது. ஒரு சாண் நீளம், நல்லாக உக்கினது. ஒரு நுனியில் குண்டூசித் தலை அளவு ஓட்டை. நாங்கள் எல்லாரும் குந்தி இருந்து பார்த்தோம். ஒன்றும் வெளியே வரவில்லை.

"முறிச்சுப் பாப்பமே?"

கேட்டவனின் கை குச்சிக்குக் கிட்ட வந்துவிட்டது. எங்கள் எல்லாருக்கும் அந்த ஆசைதான். வில்சனும் உக்கின தடிகளைப் பிரித்துப் பார்த்துத்தானே கண்டார். அவர் பார்த்திருக்காவிட்டால் எங்களுக்கு இந்தக் கதையே தெரிந்திருக்காது. அவருக்கு அதைப் படிக்கத் தெரியும், எழுதத் தெரியும். நாங்கள் முறித்தால் போன்களில் இன்னொரு படம் வரும். அம்பருக்குள் இருப்பதை உடைக்காமல் எத்தனை தரமும் பார்க்கலாம். இதை முறித்தால் வீடு போய்விடும்.

"வேண்டாம், விடு" என்றாள் பென்டன்காரி.

அவன் கையை எடுத்தான். போத்தலில் கொண்டு போன தேத்தண்ணியை ஆளுக்கு அரைக் கப் குடித்தோம். மூன்று கல்லையும் தூக்கி றோட்டுப் பக்கம் எறிந்தோம், இன்னொருத்தருக்கு அடுப்பு ஞாபகம் வரக்கூடாது என்று. குச்சி கிடந்த இடத்திலேயே கிடந்தது. உள்ளே ஆள் இருந்ததா இல்லையா என்று தெரியாமலே இரத்தினபுரி பஸ்ஸில் ஏறினோம்.

பென்டனை அவள் இன்னும் போடுகிறாள். பிளாஸ்டிக்தான். சித்தி வீடியோ கோலில் வரும்போது கழுத்தில் இருக்க வேண்டுமே.